வைஃபை இருக்கு, தளம் மட்டும் திறக்கலை: வீட்டு நெட்டில் டிஎன்எஸ் தடை எங்கே விழுகிறது?

பொங்கலுக்குச் சிங்கப்பூரிலிருந்து மன்னார்குடிக்கு வரும் மகன், திரும்பிப் போவதற்குள் வீட்டு ரவுட்டரில் இரண்டு எண்களை மாற்றிவிட்டுப் போகிறார்: 94.140.14.15, 94.140.15.16. அண்ணன் பிள்ளைகள் கண்ட தளத்துக்கும் போய்விடக் கூடாது என்ற நல்லெண்ணம்தான். மாசி பிறப்பதற்குள் புகார் கிளம்பும். கூகுளில் தேடினால் மேலே வருகிற இணைப்பு திறப்பதில்லை. கடைக்காரர் அனுப்பிய சலுகைக் குறுஞ்செய்தியைத் தொட்டால் வெள்ளைப் பக்கம். ஆனால் யூடியூப் ஓடுகிறது, வாட்ஸ்அப் அழைப்பும் போகிறது. கேபிள்காரரைக் கூப்பிட்டால் வந்து பார்க்கிறார். ஃபைபர் பெட்டியில், சிக்னல் அறுந்தால் எரியும் லாஸ் விளக்கு சிவப்பாக எரியவில்லை. வேகம் சோதித்தால் பிளானில் சொன்னபடியே வருகிறது. "லைன்ல ஒண்ணும் இல்லைங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்.

அவர் சொன்னது சரி. லைனில் ஒன்றும் இல்லை. தளத்தின் பெயரைக் கேட்டு அதன் எண்ணைச் சொல்கிற டிஎன்எஸ் என்ற இடத்தில்தான் தடை விழுந்திருக்கிறது.

டெல்டாக்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். மேட்டூர் திறந்தாச்சு, கல்லணைக்கும் தண்ணீர் வந்தாச்சு என்றால் கடைமடை வயல் நனைந்துவிட்டது என்று இங்கே யாரும் நம்புவதில்லை. கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று பிரிகிறது. வெண்ணாறு நீடாமங்கலம் மூணாறு தலைப்பில் மறுபடியும் கோரையாறு, பாமணியாறு, வெண்ணாறு என்று பிரிகிறது. அதற்குக் கீழே வாய்க்கால், அதற்கும் கீழே கன்னி வாய்க்கால். வயலுக்குத் தண்ணீர் ஏறவில்லை என்றால் முதலில் கேட்பது "எந்தத் தலைப்பில ஷட்டர் இறக்கியிருக்கு?" என்பதைத்தான். வீட்டு நெட்டிலும் அதையே கேட்க வேண்டும். பலர் அதைக் கேட்காமல், ரவுட்டரின் பின்பக்கத்து ஓட்டையில் குண்டூசியை விட்டு ரீசெட் செய்துவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் நிறுவனத்தோடு இணைவதற்காகக் கேபிள்காரர் உள்ளே எழுதி வைத்த பிபிபிஓஇ யூசர்நேம், பாஸ்வேர்டு, விலேன் எண் எல்லாம் அழிந்துபோகலாம். அதுவரை ஒரு தளம்தான் திறக்கவில்லை. இப்போது எதுவுமே திறக்காது.

பெயர் எண்ணாகிற வழி

உலாவியில் ஒரு தளத்தின் பெயரை அடித்தவுடன் போன் அந்தத் தளத்துக்குப் போய்விடுவதில்லை. அதற்கு ஐபி எண் தெரிய வேண்டும். அந்த எண்ணைக் கேட்டுச் சொல்லும் ஏற்பாடுதான் டிஎன்எஸ். 1983-இல் பால் மொக்கபெட்ரிஸ் அதன் முதல் வரையறையை எழுதினார். 1987-இல் திருத்தி வெளியான வடிவமே இன்றைக்கும் அடித்தளம். போன் முதலில் தன் நினைவில் தேடும். இல்லையென்றால், பெரும்பாலான வீடுகளில், ரவுட்டரைக் கேட்கும்: 192.168.1.1, 192.168.0.1 அல்லது 192.168.29.1. ரவுட்டர் தனக்குத் தெரியாததை நெட் கொடுக்கும் நிறுவனத்தின் ரிசால்வரிடம், அதாவது பெயருக்கு எண் தேடித் தரும் சர்வரிடம், கேட்கும். அந்த ரிசால்வர், டிஎன்எஸ்ஸின் உச்சியில் இருக்கும் மூல சர்வர்களில் ஒன்றைக் கேட்டு, அது காட்டும் வழியில் டாட் இன் அல்லது டாட் காம் சர்வரைக் கேட்டு, கடைசியில் அந்தத் தளத்துக்கே பொறுப்பான சர்வரிடமிருந்து எண்ணை வாங்கி வரும். மூல சர்வர்களுக்கு 13 பெயர்கள்தான். அவற்றின் நகல்கள் உலகெங்கும் இருக்கின்றன. வருகிற விடையோடு "இது இத்தனை நொடிக்குச் செல்லும்" என்று ஒரு காலக்கெடுவும் ஒட்டிக்கொண்டு வரும். 300 நொடி, 3,600 நொடி என்று தளத்துக்குத் தளம் மாறும். வழியில் உள்ள ஒவ்வொருவரும் அந்தக் கெடு முடியும்வரை விடையை மடியில் கட்டி வைத்திருப்பார்கள்.

இந்தக் கேள்வியும் விடையும் வழக்கமாக 53-ஆம் போர்ட்டில் (டிஎன்எஸ்ஸுக்கென்று ஒதுக்கிய வாசல் எண்), யுடிபி என்ற வகைப் பொட்டலமாக, மறைவின்றிப் போகின்றன. தபால் அட்டை மாதிரி. வழியில் யார் வேண்டுமானாலும் படிக்கலாம், மாற்றியும் எழுதலாம். விடை சொல்பவரோ வழியில் நிற்பவரோ விடையை மாற்ற முடியும் என்பதன் மேல்தான் டிஎன்எஸ் வடிகட்டுதல் மொத்தமும் நிற்கிறது. தளத்தின் உள்ளடக்கத்தை அது பார்ப்பதே இல்லை. கேட்கப்பட்ட பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் பொய்யான விடை தரும், அல்லது மறுத்துவிடும்.

அந்தப் பொய்யில் மூன்று வகை முக்கியம். வகை தெரிந்தால் யார் மறித்தார்கள் என்பதைப் பெரும்பாலும் ஊகித்துவிடலாம். குவாட்9 என்ற சேவை (9.9.9.9) தீங்கான தளம் என்று கருதினால் "அப்படியொரு பெயரே இல்லை" என்று சொல்லிவிடும். இதற்கு என்எக்ஸ்டொமைன் என்று பெயர். குரோமில் "டிஎன்எஸ் ப்ரோப் ஃபினிஷ்டு என்எக்ஸ்டொமைன்" என்ற வரி தெரியும். கிளவுட்ஃபிளேரின் குடும்ப வடிகட்டி (1.1.1.3) 0.0.0.0 என்ற வெற்று எண்ணைத் தரும். ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கணினியில் ஓடும் பை-ஹோல் என்ற வடிகட்டி மென்பொருளும் இயல்பாகச் செய்வது இதைத்தான். அந்த எண்ணில் யாரும் இல்லை என்பதால் ஆண்ட்ராய்டில் "கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு" என்றும், விண்டோஸில் "அட்ரஸ் இன்வேலிட்" என்றும் வரும். மூன்றாவது வகை, தன் சொந்த சர்வரின் எண்ணைத் தந்து "இந்தத் தளம் தடைசெய்யப்பட்டது" என்ற பக்கத்துக்கு அனுப்புவது. பெரும்பாலான தளங்கள் எச்டிடிபிஎஸ்-க்கு, அதாவது தளத்தின் அடையாளத்தை உலாவி சரிபார்க்கும் மறையாக்க முறைக்கு, மாறிய பிறகு இது சொதப்புகிறது. வங்கித் தளத்தின் பெயரைச் சொல்லித் தட்டிய கதவை வேறொருவர் திறந்தால் உலாவி சும்மா இருக்காது. "உங்கள் இணைப்பு பாதுகாப்பானது இல்லை" என்று சிவப்பில் எச்சரிக்கும். வீட்டில் உள்ளவர்கள் வைரஸ் வந்துவிட்டது என்று பதறுவது இந்தப் பக்கத்தைப் பார்த்துத்தான். உண்மையில் உலாவி தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறது. அந்த எச்சரிக்கையைத் தாண்டிப் போகும் பழக்கத்தைப் பிள்ளைகளுக்கு மட்டும் காட்டிக் கொடுத்துவிடாதீர்கள். நாளைக்கு நிஜமான மோசடிப் பக்கத்திலும் அதே பட்டனைத் தட்டுவார்கள்.

நல்ல தளம் ஏன் மாட்டுகிறது

மன்னார்குடி வீட்டுக்கு வருவோம். அந்த எண்கள் ஆட்கார்டின் குடும்ப வடிகட்டிக்கு உரியவை. அது ஆபாசத் தளங்களோடு விளம்பரத் தளங்களையும் மறிக்கும். கூகுளில் தேடும்போது உச்சியில் வரும் "ஸ்பான்சர்டு" இணைப்புகள் நேராகக் கடைக்குப் போவதில்லை. கூகுளின் விளம்பரக் கணக்குப் பெயர் ஒன்றைத் தொட்டுவிட்டுத்தான் போகும். அந்தப் பெயர் பட்டியலில் இருக்கிறது. ஆகவே கடையின் தளம் திறந்தே இருந்தாலும் வழியில் உள்ள வாய்க்கால் அடைபட்டுவிடுகிறது. சலுகைக் குறுஞ்செய்தியில் வரும் சுருக்க இணைப்பும் அப்படித்தான். யார் தட்டினார்கள் என்று எண்ணுவதற்காக நடுவில் ஒரு கண்காணிப்புப் பெயரைச் செருகியிருப்பார்கள். மறிபட்டது அது, உங்கள் கண்ணில் படுவது அதன் விளைவு மட்டும்.

பட்டியல் எப்படி உருவாகிறது என்று பார்த்தால் இன்னும் சில காரணங்கள் புரியும். கோடிக்கணக்கான பெயர்களை மனிதர் உட்கார்ந்து பார்ப்பதில்லை. நிரல்கள் வகைபிரிக்கின்றன, சில பட்டியல்களைத் தன்னார்வலர்கள் பராமரிக்கிறார்கள். புதிதாகப் பதிவான பெயர்களைச் சில வாரம்வரை சந்தேகப் பட்டியலில் வைக்கும் வசதி சில சேவைகளில் உண்டு. மோசடிக்காரர்கள் நாளுக்கொரு பெயர் பதிவதால் அந்த ஏற்பாடு. இதனால் நேற்று தொடங்கிய பள்ளிச் சேர்க்கைத் தளமும் போன வாரம் பதிந்த கல்யாண அழைப்புத் தளமும் மாட்டும். யாரோ கைவிட்ட பெயரைப் புதியவர் வாங்கினால் பழையவரின் பழியும் சேர்ந்து வரும். டாட் இந்தியா என்று தமிழிலேயே எழுதும் முகவரிகளுக்கு இன்னொரு தொல்லை. உள்ளுக்குள் அவை ஆங்கில எழுத்துகளாக மாற்றப்பட்டுத்தான் பயணிக்கின்றன. அந்த மாற்று வடிவத்தைப் போலி எழுத்து மோசடி என்று சந்தேகிக்கும் விதிகளைச் சிலர் போட்டு வைத்திருக்கிறார்கள். தமிழில் முகவரி வைத்ததே குற்றமாகிவிடுகிறது.

டிஎன்எஸ் வடிகட்டிக்கு நுணுக்கம் கிடையாது என்பதையும் மறக்கக் கூடாது. ஒரு பெயரை முழுசாக மறிக்கலாம், முழுசாக விடலாம். அதற்குள் ஒரு பக்கத்தை மட்டும் மறிக்க முடியாது. யூடியூபின் ஒரு காணொளியை நிறுத்த இதனால் ஆகாது. யூடியூப் விளம்பரங்களும் காணொளி வரும் பெயர்களிலிருந்தே வருவதால் அவற்றையும் இது பெரும்பாலும் நிறுத்தாது. "பை-ஹோல் போட்டும் யூடியூபில விளம்பரம் வருதே" என்று கேட்பவர்களுக்குப் பதில் இதுதான். யூடியூபுக்கு வேறொரு தந்திரம் உண்டு: அதன் பெயருக்கு, கட்டுப்பாட்டு முறையில் இயங்கும் கூகுள் சர்வரின் எண்ணை விடையாகத் தருவது. அப்போது கமென்ட்டுகள் மறையும், சில பாட்டுகள் தேடலில் வராது. போன் கெட்டுவிட்டது என்று நினைப்பார்கள். ரவுட்டரில் எங்கோ இந்த விதி உட்கார்ந்திருக்கும்.

ஒரே வீட்டில் நாலு ஷட்டர்

சிக்கல் முற்றுவது ஒன்றுக்கு மேற்பட்ட வடிகட்டிகள் ஒன்றையொன்று அறியாமல் இருக்கும்போது. ஆண்ட்ராய்டு 9-இலிருந்து, அதாவது 2018 முதல், போனிலேயே "தனிப்பட்ட டிஎன்எஸ்" என்ற அமைப்பு இருக்கிறது. அதில் ஒரு சேவையின் பெயரை எழுதிவிட்டால் போன் ரவுட்டரைக் கேட்பதை நிறுத்திவிட்டு, 853-ஆம் போர்ட்டில் மறையாக்கம் செய்த வழியில் நேராக அந்தச் சேவையைக் கேட்கும். வீட்டு வைஃபையிலும் அதே தடை, பேருந்தில் போகும்போது மொபைல் டேட்டாவிலும் அதே தடை. "வைஃபையில் திறக்கலை, டேட்டாவிலும் திறக்கலை, அப்ப தளம்தான் படுத்துவிட்டது" என்று முடிவுகட்ட வைப்பது இது. அந்தப் போர்ட்டை ஏதாவது ஒரு நெட்வொர்க் மறித்தால் இன்னும் மோசம். போனில் எதுவுமே திறக்காது. வைஃபை குறி மட்டும் முழுதாக நிற்கும்.

சென்னை நிறுவனத்துக்குக் கும்பகோணத்திலிருந்து வேலை பார்ப்பவரின் மடிக்கணினியில் அலுவலகத்தின் வடிகட்டி மென்பொருள் கூடவே வந்திருக்கும். அது வீட்டு ரவுட்டரின் பேச்சைக் கேட்காது. அந்த மடிக்கணினியில் ஒரு தளம் திறக்கவில்லை என்பதற்காக ரவுட்டரை மாற்றிப் பயனில்லை.

பெரிய குழப்பம் ஐபிவி6, அதாவது புதிய வகை, நீளமான ஐபி முகவரி. ரவுட்டரில் டிஎன்எஸ் எண்ணை மாற்றுபவர்கள் பெரும்பாலும் பழைய வகை, அதாவது நான்கு எண் வகை முகவரியை மட்டும் மாற்றுகிறார்கள். இந்தியாவில் ஃபைபர் இணைப்புகள் பலவற்றில் ஐபிவி6-உம் சேர்ந்தே வருகிறது. ரவுட்டர் அந்த வழியில் நிறுவனத்தின் ரிசால்வரைத் தனியாக அறிவித்துக்கொண்டிருக்கும். போன் இரண்டில் எதையும் கேட்கலாம். அதனால் காலையில் மறிபட்ட தளம் மாலையில் திறக்கும். பிள்ளைகள் இதைப் பெரியவர்களுக்கு முன்பே கண்டுபிடித்துவிடுவார்கள். 1.1.1.3 போட்டால் அதன் துணை 1.0.0.3, ஐபிவி6 பகுதியில் 2606:4700:4700::1113, 2606:4700:4700::1003 இரண்டையும் சேர்த்துப் போட வேண்டும். ரவுட்டரில் அந்தக் கட்டமே இல்லையென்றால், உள் நெட்வொர்க்கில் ஐபிவி6-ஐ அணைப்பது ஒன்றுதான் வழி. அழகான வழி இல்லை, ஆனால் வேலை செய்யும்.

அடுத்த தவறு, இரண்டாவது கட்டத்தில் "எதற்கும் இருக்கட்டும்" என்று, வடிகட்டாத கூகுள் டிஎன்எஸ்ஸின் எண்ணான 8.8.8.8-ஐ எழுதுவது. முதல் எண் செத்தால்தான் இரண்டாவதைக் கேட்கும் என்று நினைக்கிறோம். பல கருவிகள் அப்படி வரிசை பார்ப்பதில்லை. எது சீக்கிரம் பதில் சொல்கிறதோ அதைக் கேட்கும், சில இரண்டையும் மாறி மாறிக் கேட்கும். ஒரு மடையில் அடைப்பு, பக்கத்து மடை திறப்பு. வடிகட்ட வேண்டுமானால் இரண்டு கட்டத்திலும் ஒரே சேவையின் எண்கள் இருக்க வேண்டும்.

நீங்கள் போடாத தடை உங்கள் வீட்டில் விழுவதும் உண்டு. ஓபன்டிஎன்எஸ் போன்ற சேவையில் கணக்கு தொடங்கி, எந்தெந்த வகைத் தளம் வேண்டாம் என்று தேர்ந்தெடுக்கலாம். அந்தத் தேர்வு உங்கள் பொது ஐபி எண்ணோடு கட்டப்படுகிறது. ஊர்க் கேபிள் இணைப்புகளிலோ ஒரே பொது எண்ணைத் தெருவே பங்குபோடுவது சகஜம், சிஜிநேட் என்பார்கள். பங்காளி வீட்டில் யாரோ தங்கள் கணக்கில் சமூக ஊடகத்தை மறித்தால், நீங்களும் அதே ஓபன்டிஎன்எஸ் எண்ணான 208.67.222.222-ஐப் போட்டிருந்தால், உங்கள் வீட்டிலும் ஃபேஸ்புக் நிற்கும். நேரம் கழித்து எண் மாறினால் தானே சரியாகும், அல்லது வேறொருவர் தடை வந்து ஒட்டிக்கொள்ளும். சிஜிநேட் உள்ள இணைப்பில் கணக்கு சார்ந்த வடிகட்டி வேண்டாம். எல்லாருக்கும் ஒரே விதியைத் தரும் 208.67.222.123, 208.67.220.123 அல்லது 1.1.1.3 போதும்.

ஷட்டரைக் கண்டுபிடிப்பது

முதலில் பிழைச் செய்தியை முழுசாகப் படியுங்கள். மேலே சொன்ன வகைகளில் எது என்று பாருங்கள். "கனெக்‌ஷன் ரீசெட்" என்று வந்தால் பெரும்பாலும் அது டிஎன்எஸ் வேலை இல்லை, வழியில் யாரோ இணைப்பையே வெட்டுகிறார்கள். கூகுளின் சிவப்புப் பக்கம் "ஆபத்தான தளம்" என்று சொன்னால் அது உலாவியின் சொந்த எச்சரிக்கை, ரவுட்டரோடு சம்பந்தம் இல்லை.

பிறகு போனில் தனிப்பட்ட டிஎன்எஸ்ஸை "முடக்கு" என்று வைத்து, விபிஎன் ஏதும் இருந்தால் நிறுத்தி, அதே தளத்தை வைஃபையில் ஒருமுறை, டேட்டாவில் ஒருமுறை திறந்து பாருங்கள். டேட்டாவில் மட்டும் திறந்தால் தடை வீட்டிலோ வீட்டு நெட் நிறுவனத்திலோ இருக்கிறது.

அடுத்தது கணினியில். விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து, என்எஸ்லுக்அப் என்ற கட்டளையை அடித்து, ஓர் இடைவெளி விட்டுத் தளத்தின் பெயரை எழுதி என்டர் தட்டுங்கள். முதல் இரண்டு வரியில் யார் பதில் சொன்னார்கள் என்பதும், கீழே பதில் என்ன என்பதும் வரும். பிறகு அதே கட்டளையின் முடிவில், இன்னோர் இடைவெளி விட்டு, 8.8.8.8 என்று சேர்த்துக் கேளுங்கள். முதலாவதில் 0.0.0.0 அல்லது "நான்-எக்ஸிஸ்டென்ட் டொமைன்", இரண்டாவதில் ஒழுங்கான எண் என்றால் வழக்கு முடிந்தது: வடிகட்டியது முதலில் பதில் சொன்னவர். பதில் சொன்னவர் 192.168 என்று தொடங்கினால் அது ரவுட்டர். ரவுட்டர் யாரிடம் கேட்கிறது என்பதை அதன் வேன் பக்கத்தில், அதாவது வெளி இணைப்புக்கான அமைப்புப் பக்கத்தில், பார்க்க வேண்டும்.

இரண்டுக்கும் ஒரே பொய் வந்தால்? அப்போது 53-ஆம் போர்ட்டை வழியில் யாரோ திருப்பிவிடுகிறார்களா என்று பார்க்க ஒரு நேர்த்தியான சோதனை உண்டு. 8.8.8.8-க்குப் பதிலாக 192.0.2.1 என்று எழுதிக் கேளுங்கள். அது பாடப் புத்தக உதாரணங்களுக்கென்று ஒதுக்கிய எண்; அங்கே எந்த சர்வரும் இருக்க முடியாது. காலம் கடந்து "டைம்டு அவுட்" என்று வருவதே நியாயம். பதில் வந்துவிட்டால், நீங்கள் எந்த எண்ணைப் போட்டாலும் வேறு யாரோதான் பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். அது உங்கள் ரவுட்டரின் பெற்றோர் கட்டுப்பாடாக இருக்கலாம், நிறுவனத்தின் ஏற்பாடாகவும் இருக்கலாம். வீட்டு ரவுட்டரில் அந்த வசதியை அணைத்துவிட்டு மறுபடி சோதித்தால் இரண்டில் எது என்று தெரிந்துவிடும்.

எதை மாற்றினாலும் உடனே பலன் தெரியாது. உலாவி, கணினி, ரவுட்டர் மூன்றும் பழைய விடையைப் பிடித்து வைத்திருக்கும். "இல்லை" என்ற பதிலையும் சேமிக்கும் வழக்கம் உண்டு. தடையை எடுத்த பிறகும் கொஞ்ச நேரம் மறிபட்டதாகவே தெரிவது அதனால்தான். போனில் வைஃபையை அணைத்துப் போட்டால் ரவுட்டரிடமிருந்து புது அமைப்பை வாங்கிக்கொள்ளும். இல்லாவிட்டால் ரவுட்டர் போனுக்குத் தந்த அமைப்பின் குத்தகைக் காலம் முடியும்வரை, சில ரவுட்டரில் ஒரு நாள்கூட, பழையதையே கேட்டுக்கொண்டிருக்கும். உலாவியை முழுசாக மூடித் திறக்க வேண்டும். ரவுட்டரை ஒருமுறை அணைத்துப் போட்டால் போதும், குண்டூசி வேண்டாம்.

வீட்டிலேயே வடிகட்டி வைத்தால்

பை-ஹோல் வைத்தால் ஒரு நன்மை: எந்தப் போன் எந்தப் பெயரைக் கேட்டது, எது மறிபட்டது என்று பதிவில் தெரியும். திறக்காத தளத்தை ஒருவர் தட்ட, இன்னொருவர் பதிவைப் பார்த்தால் அரை நிமிடத்தில் குற்றவாளிப் பெயர் சிக்கும். அனுமதிப் பட்டியலில் சேர்க்க வேண்டியது அந்தப் பெயரைத்தான். கடையின் பெயரைச் சேர்த்துவிட்டு "அப்பவும் திறக்கலையே" என்று குழம்பக் கூடாது.

ரவுட்டரில் அதை எங்கே எழுதுவது என்பதில் கவனம் தேவை. லேன் (வீட்டு உள் நெட்வொர்க்) பக்கத்தில், போன்களுக்கு அமைப்பை வழங்கும் டிஎச்சிபி பகுதியில் பை-ஹோலின் எண்ணை எழுதினால் ஒவ்வொரு போனும் நேராக அதைக் கேட்கும். வேன் பக்கத்தில் எழுதினால் எல்லாரும் ரவுட்டரைக் கேட்க, ரவுட்டர் எல்லாருக்குமாகக் கேட்கும். பதிவில் ரவுட்டர் ஒன்றே தெரியும், யார் என்று தெரியாது. அதைவிட மோசம், பை-ஹோல் ஒரு கருவிக்கு நிமிடத்துக்கு 1,000 கேள்வி என்று இயல்பாக வரம்பு வைத்திருக்கிறது. தீபாவளிக்கு உறவினர் கூடிய வீட்டில் இருபது போன் சேர்ந்து ஒரே ரவுட்டர் பெயரில் கேட்டால் அந்த வரம்பு தாண்டும். மொத்த வீட்டுக்கும் "மறுப்பு" என்ற பதில் போகும். பை-ஹோல் ரவுட்டரைக் கேட்க, ரவுட்டர் பை-ஹோலைக் கேட்க என்று சுற்றில் விட்டாலும் இதேதான் நடக்கும்.

டெல்டாவில் இதற்கு மேலும் ஒரு சோதனை, மின்தடை. 2018 நவம்பர் 16 கஜாவுக்குப் பிறகு டெல்டாவின் பல ஊர்கள் எத்தனை நாள் இருட்டில் கிடந்தன என்று இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை. அவ்வளவு வேண்டாம், ஐப்பசி மழையில் நாளுக்கு நாலுமுறை கரண்ட் போய் வந்தாலே போதும். ரவுட்டருக்குச் சின்ன யுபிஎஸ் வைத்துவிட்டு ராஸ்பெர்ரி பையைச் சுவர் பிளக்கில் விட்டால், கரண்ட் போனதும் நெட் இருக்கும், பெயர் சொல்ல ஆள் இருக்காது. இரண்டையும் ஒரே யுபிஎஸ்ஸில் போடுங்கள். திடீரென்று அணைந்தால் மெமரி கார்டும் கெடும்.

இன்னொன்று நம்ப முடியாத மாதிரி இருக்கும், ஆனால் நடக்கும். ராஸ்பெர்ரி பை 4 வரை உள்ள மாடல்களில் நேரத்தைக் காக்கும் கடிகாரச் சில்லு இல்லை. கரண்ட் வந்து எழும்போது பழைய தேதியிலேயே எழும். டிஎன்எஸ் விடைகளின் கையெழுத்தைச் சரிபார்க்கும் டிஎன்எஸ்செக் வசதி போட்டிருந்தால், தேதி தவறாக இருப்பதால் எல்லாக் கையெழுத்தும் செல்லாது என்று தள்ளிவிடும். சரியான நேரத்தை இணையத்திலிருந்து வாங்கலாம் என்றால், நேர சர்வரின் பெயரைக் கண்டுபிடிக்க டிஎன்எஸ் வேண்டும். டிஎன்எஸ்ஸுக்கு நேரம் வேண்டும், நேரத்துக்கு டிஎன்எஸ் வேண்டும். நேர சர்வரைப் பெயராக இல்லாமல் ஐபி எண்ணாக எழுதி வைப்பது, அல்லது சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் கடிகார மாட்யூலைச் செருகுவது: இரண்டில் ஒன்றால் இந்த முடிச்சு அவிழும்.

வீட்டுக்கு வெளியே விழும் தடை

சில தடைகளுக்கு வீட்டில் மருந்தில்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 69ஏ பிரிவின்படி ஒன்றிய அரசு தளங்களை மறிக்க உத்தரவிடலாம்; 2009 விதிகள் அந்த உத்தரவுகளை ரகசியமாக வைக்கச் சொல்கின்றன. நீதிமன்ற ஆணைகள் இன்னொரு வழி. 2017 ஆகஸ்டில் திருட்டுப் படங்களுக்கு எதிராகச் சென்னை உயர் நீதிமன்றம் தந்த ஆணையின் நீண்ட பட்டியலில், பழைய தமிழ் நூல்களின் ஸ்கேன்கள் குவிந்து கிடக்கும் இணைய ஆவணகத்தின் பெயரும் சேர்ந்துவிட்டது. இந்தியாவில் அது சில நாள் மறிபட்டது. பட்டியல் நீளும்போது நல்லதும் மாட்டும் என்பது வீட்டு வடிகட்டிக்கு மட்டும் உரிய நோய் இல்லை. 2018-இல் உத்தராகண்ட் உயர் நீதிமன்ற ஆணைக்குப் பின் 827 ஆபாசத் தளங்களை மறிக்க உத்தரவானது.

இவற்றை எல்லா நிறுவனமும் ஒரே விதமாக அமல்படுத்துவதில்லை. சிலர் டிஎன்எஸ்ஸில் பொய் சொல்கிறார்கள், சிலர் இணைப்பின் தொடக்கத்தில் தளப் பெயரைப் பார்த்து வெட்டுகிறார்கள். பின்னதில் ரவுட்டரில் எந்த டிஎன்எஸ் எண் போட்டாலும் மாற்றம் இராது. என்எஸ்லுக்அப்பில் சரியான எண் வந்தும் தளம் திறக்கவில்லை என்றால் இதையும் நினைவில் வையுங்கள். துபாயில் இருக்கும் மகனுக்கு வாட்ஸ்அப்பில் அழைப்பு போகாததும் இந்த வகைதான். அங்குள்ள நிறுவனங்கள் அழைப்பை மட்டும் மறிக்கின்றன, நம் பக்கத்து ரவுட்டரில் தேட ஒன்றுமில்லை. அதேபோல், பட்டா பார்க்க அவர் அங்கிருந்து முயன்று திறக்கவில்லை என்றால், நம் அரசுத் தளங்கள் சில இந்திய ஐபி எண்ணுக்கு மட்டும் திறக்கும்படி வைக்கப்பட்டிருக்கலாம். இங்கே வீட்டில் விபிஎன் போட்டுவிட்டு அதே தளத்தைத் திறப்பவருக்கும் அதே கதி. நவம்பரில் சம்பா பயிர்க் காப்பீட்டுக்குக் கடைசி நாள் நெருங்கும்போது தளம் திணறுவது இன்னொன்று. அது தடையே இல்லை, கூட்டம்.

தடை நெட் நிறுவனத்தின் ரிசால்வரில் தவறுதலாக விழுந்திருக்கிறது என்று சோதனையில் தெரிந்தால், கேபிள்காரரிடம் "நெட் சரியில்ல" என்று சொல்லாதீர்கள். அவர் மறுபடியும் லாஸ் விளக்கைத்தான் பார்ப்பார். தளத்தின் முழுப் பெயர், சோதித்த தேதி, நேரம், உங்கள் இணைப்பு எண், "உங்க சர்வர் இந்தப் பெயருக்கு 0.0.0.0 தருது, 8.8.8.8 ஒழுங்கான எண் தருது" என்ற ஒரு வரி, இரண்டு சோதனைகளின் ஸ்கிரீன்ஷாட்: இத்தனையும் ஒரே வாட்ஸ்அப் செய்தியில் அனுப்புங்கள். அவரால் தீர்க்க முடியாவிட்டாலும், அதை அப்படியே மேலே இருக்கும் நிறுவனத்தின் தொழில்நுட்பப் பிரிவுக்குத் தள்ளிவிட முடியும். அங்கே இருப்பவருக்கு அந்த ஒரு வரி போதும்.